வாட்ச்மேனின் இளநீர்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்குக் கால் வீக்கம். ஷூ லேஸைக் கட்டவே மாட்டார். கோடையில் கம்பெனி தந்த இளநீரை வாங்கி, ஷிஃப்டுக்குள் நுழையும் என்னிடம் நீட்டிவிடுவார்.

“ஏண்ணா, உங்களுக்கு வேணாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நீர் பிரியறதுக்கு மாத்திரை துண்றேம்மா. அதோட எளநியும் குட்ச்சா பொட்டாசியம் ஏறி நெஞ்சே நின்னுடுமாம். டாக்டர் சொல்லிகீறாரு.”

“அப்ப வாங்காதீங்களேன்.”

“வாங்கலன்னா ஏன்னு கேப்பாங்க. சீக்குன்னு தெரிஞ்சா வேலைய வுட்டே தூக்கிடுவாங்க.”

மறுநாள் சூப்பர்வைசர் அவர் எதிரிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். வாட்ச்மேனின் உதட்டில் ஸ்ட்ரா இருந்தது. ஊடே தெரிகிற அந்தக் குழலில் ஒரு சொட்டு நீர் ஏறவில்லை. தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது.