சுண்ணாம்பு தடவாத முட்டி

நான் பிரொபேஷன் ஆபீசராகச் சேர்ந்த முதல் வருஷம். மாகாணத்திலேயே முதலில் எங்கள் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கு வந்திருந்தது. பனையில் பதநீர் இறக்கலாம். ஆனால் பாளையில் கட்டுகிற மண்கலயமான முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், கேஸ்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து மரமேறி செங்கோடன் அப்படித்தான் பிடிபட்டான். முதல் குற்றம். ஜெயிலா, நன்னடத்தை ஜாமீனா என்று மாஜிஸ்திரேட் என்னிடம் ரிப்போர்ட் கேட்டார். வீட்டுக்குப் போய் விசாரித்த பிறகுதான் எழுத வேண்டும். நான்தான் பெரிய சூரனாயிற்றே! "குடிகாரன், மனைவியை அடிப்பவன், ஜெயிலே தகும்" என்று கேஸுக்கு முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேஸ் நாள் காலையில் சடங்குக்காக அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி பாவாயி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"குடிச்சுட்டு வந்து அடிப்பானா?"

"இல்லீங்க சாமி."

"பயப்படாமச் சொல்லு. அடிப்பான்தானே?"

"அவரு குடிக்கவே மாட்டாருங்க."

"பொய்!" என்று கத்தினேன். குழந்தை வீறிட்டது.

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். "முட்டிக்குச் சுண்ணாம்பு தடவாதது தப்புதானுங்க. ஆனா நீங்க எங்க ஊட்டுக்காரரைக் கேக்கறீங்களா, வேற ஆரையோ நெனச்சுட்டுக் கேக்கறீங்களா?"

என் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்தவர். அவர்மேல்தான் நான் ரிப்போர்ட் எழுதியிருந்தேன். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் கேட்டேன். செங்கோடன் குடித்து யாரும் கண்டதில்லை.

சைக்கிளை மிதித்துக் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். செங்கோடன் கூண்டில் நின்றான். என் ரிப்போர்ட் மாஜிஸ்திரேட் கையில் இருந்தது.

"அதைத் திருப்பிக் கொடுங்க சார். தப்பா எழுதிட்டேன்."

"நேத்து ஜெயில், இன்னிக்கு ஜாமீனா? அங்க என்னய்யா வாங்கிட்டு வந்தீர்?"

கோர்ட்டே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வீட்டுக்குப் போகாமலே எழுதினேன் சார். என் கோபத்தை எழுதிட்டேன்."

அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் நீட்டினார். "உட்காரும். புதுசா எழுதும்" என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். செங்கோடனுக்கு ஒரு வருஷ ஜாமீன் கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது. இரண்டும் நியாயம்தான்.

பிறர் கதையைக் கேட்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஒருவரைப் பற்றிக் கேட்டவுடனே மனசு கொதித்தால் பேனாவை மூடிவிடுங்கள். கோபம் யார்மேல் என்று முதலில் பாருங்கள். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கு முன்னும் டைரியின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக்கொள்வேன்: "இதில் அப்பா இருக்கிறாரா?"

பல தடவை இருந்தார்.