திருப்பிப் போட்ட மழைச்சட்டை

மழையில் கோல்ஃப் ஆடுவதற்கென்றே தனியாகச் சட்டை விற்கிறார்கள் என்பது நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். அதை வாங்கப் போன இடத்தில் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஜார்ஜ்டவுனில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பதவி உயர்வு வந்த கையோடு, ஞாயிறு காலையில் தன்னோடு கோல்ஃப் ஆட வரும்படி மேலாளர் கூப்பிட்டார். எல்லாரையும் அவர் கூப்பிடுவதில்லை. அவரைச் சுற்றி இருக்கும் நாலு பேரில் நானும் ஒருவனாகிவிட வேண்டும் என்று, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அலைந்தேன். மூன்று மாதம் பயிற்சித் திடலில் புல்லைப் பெயர்த்ததுதான் மிச்சம். அதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மேலாளர் இடி இடித்தால் மட்டுமே ஆட்டத்தை நிறுத்துவார், மழைக்கெல்லாம் நிறுத்த மாட்டார். சனிக்கிழமை கடைக்கு வா, எந்தச் சட்டை எடுப்பது என்று நானே காட்டுகிறேன் என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கைப்பேசியும் கையுமாகத் திரிந்தேன். தையலின் உட்புறம் பட்டை ஒட்டியிருக்க வேண்டும், மட்டையை வீசும்போது துணி சரசரக்கக் கூடாது, ஈரத்தில் வழுக்காத கையுறை இரண்டு கைக்கும் வேண்டும் என்று மனைவிக்குப் பாடம் நடத்தினேன். அவள் சோறு போட்டபடி கேட்டுக்கொண்டாள். இத்தனைக்கும் பதினோரு வருடமாக ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஃபெரி ஏறி, கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலைக்குப் போய்வருகிறவள் அவள். வீட்டில் இருக்கும் ஒரே காரை நான் எடுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் மழையைத் தெரிந்தவர் யார் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

கடைக்கு அவளும் வந்தாள். மேலாளர் ஒரு சட்டையைக் காட்டினார். மெல்லிசாக, கச்சிதமாக, பார்க்க எடுப்பாக இருந்தது. மனைவி அதன் ஜிப்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

“இதுவழியா தண்ணி எறங்கும்ங்க. ஜிப்புக்கு மேல மடிப்பு வச்சது இருக்கு பாருங்க, அத எடுங்க.”

பிறகு, மணிக்கட்டில் தண்ணீர் ஏறுமா என்று பார்க்க மேலாளர் காட்டிய சட்டையையே மாட்டினாள். பழக்கதோஷம், கைகளை முன்பக்கமிருந்து நுழைத்துவிட்டாள். ஜிப் முதுகுப் பக்கம் போய்விட்டது. இங்கே மோட்டாரில் போகிறவர்கள் அப்படித்தான் முன்பின்னாகத் திருப்பிப் போடுவார்கள். எதிரில் அடிக்கும் காற்றும் மழையும் நெஞ்சுக்குள் இறங்காது. தினமும் சாலையில் பார்க்கிற காட்சிதான். ஆனால் அந்தக் கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால், ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டிக்கொண்டு அவள் நின்றபோது மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது கோல்ஃபுக்குலா, மோட்டாருக்கு இல்ல,” என்றார்.

விற்பனைப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சும்மாவாவது இருந்திருக்கலாம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

“அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் பாஸ்?”

அவள் சட்டையைக் கழற்றி, சுருக்கம் விழாமல் மாட்டியில் போட்டுவிட்டு, வாசல் பக்கம் குடைகளைப் பார்க்கப் போய்விட்டாள். மேலாளர் காட்டியதையே வாங்கினேன்.

மறுநாள் ஐந்தாவது குழியில் மழை பிடித்தது. ஏழாவது குழிக்குள் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. சட்டை எப்படி என்று மேலாளர் கேட்டார். பிரமாதம் என்று பல்லைக் காட்டினேன். ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றி, ஈரச்சட்டையைச் சுருட்டிக் காரின் பின்பெட்டிக்குள் ஒளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நனைந்துவிட்டீர்களா என்றுதான் மனைவி முதலில் கேட்டாள். ஒரு சொட்டுகூட இல்லை என்றேன். அப்படியானால் தான் சொன்னதுதான் தப்பு என்று அவள் லேசாகச் சிரித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை காலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவளுடைய பழைய மழைச்சட்டை அக்குளில் கிழிந்திருந்தது. கதவருகில் தயங்கி நின்றாள்.

“ஒங்க சட்டைய இன்னிக்கி ஒரு நாள் போட்டுக்கவா? பத்திரமா கொண்டாந்துடுறேன்.”

கொடுத்தால் என் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். மறுத்தால் நான் மனிதனே இல்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லும் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அவள் கிளம்பிப் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் அது எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி.

பின்பெட்டிக்குள்ளேயே விரித்துக் காயவைத்திருந்த சட்டையை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் எப்போதும்போல் முன்பக்கமிருந்து கைகளை நுழைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இடுப்பிலிருந்து பிடரிவரை அந்த ஜிப்பை நான்தான் இழுத்துவிட்டேன்.

அன்று அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் ஃபெரி இறங்கி அவள் வந்தபோதும் மழை விடவில்லை. சட்டையைக் கழற்றி உதறினாள். முன்பக்கம் அவளுடைய சீருடை இஸ்திரி மடிப்புகூடக் கலையாமல் காய்ந்திருந்தது. முதுகில் மட்டும் ஒரு கோடு ஈரம். அது வேர்வையாக இருக்கும் என்று அவளே சொன்னாள்.

“நெஞ்சுல ஒரு சொட்டு இல்லங்க. நல்லா பாத்துதான் எடுத்திருக்கீங்க.”

கடையில் சிரித்ததற்கும் வீட்டில் புளுகியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. ஆமாம், பார்த்துதான் எடுத்தேன் என்றேன்.