மீட்டர் காட்டிய பத்து கிலோமீட்டர்

என் வீட்டுக்காரரை எனக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. போன வருடம் காஞ்சிபுரத்தில் பத்து கிலோமீட்டர் பந்தயத்தை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாக ஓடி முடித்தேன். பைக்கில் திரும்பும்போதே, "அடுத்த தபா ஒரு மணிக்குள்ள முடிக்கிற. நான் கீறேன் இல்ல?" என்றார். என் மாமியார் வேறு கணக்குப் போட்டார். ஒரு மணிக்குள் வராவிட்டால் ஓட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, காலையில் ஊருக்குள் வரும் கம்பெனி வேனில் நான் வேலைக்கு ஏற வேண்டும். வீம்புக்குச் சரி என்று வாயை விட்டுவிட்டேன்.

அதுவரை நான் ஓடியதெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி, குத்துமதிப்பாக. அவருக்கு அது பிடிக்கவில்லை. பல வருடமாகச் செத்துக் கிடந்த பைக் மீட்டரை எனக்காகவே மெக்கானிக்கிடம் கொடுத்து ஓடவைத்தார். எங்கள் பக்கம் மீட்டர் ஓடுகிற பைக்கைப் பார்ப்பதே அபூர்வம். ஏரிக்கரையிலும் அதைத் தொடர்ந்த வண்டிப்பாதையிலும் பைக்கை ஓட்டி, மீட்டர் ஐந்து காட்டிய இடத்தில் இருந்த வேப்பமரத்தில் சிவப்புத் துணி கட்டினார். போய்த் திரும்பினால் பத்து. ஒருநாள் மெதுவாக ஓடவேண்டும். இன்னொரு நாள் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை மூச்சு முட்ட விரட்டுவார். ஞாயிற்றுக்கிழமை முழுத் தூரம். வந்ததும் மோர் ஊற்றிய கூழ்.

ஆனால் நேரம் குறையவே இல்லை! எந்த ஞாயிறும் ஒரு மணியைத் தாண்டித்தான் வந்து விழுவேன்.

"இன்னாமே, தூங்கிக்கினே ஓடறியா?" என்பார் போனைப் பார்த்து.

"யோவ், நீ வண்டிய வுட்டு எறங்கி ஓடிப் பாரு, தெரியும்!" என்று கத்துவேன்.

கரையில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். பந்தயத்துக்கு முந்தின வாரமும் அதே கதைதான். மாமியார் வேன் டிரைவரிடம் எனக்கு இடம் சொல்லியே வைத்துவிட்டார்.

பந்தயத்தில் ஐந்தாவது கிலோமீட்டர் பலகையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்பு இப்போதுதான் சூடாகிறது, அதற்குள் பாதியா? எவனோ பலகையை மாற்றி நட்டுவிட்டான் என்று நினைத்தேன். எட்டு வந்தது, ஒன்பதும் வந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டி நிமிர்ந்தால், கடிகாரத்தில் ஐம்பத்து மூன்று நிமிடம். அட கடவுளே! சந்தோஷம் எங்கே வந்தது, பயம்தான் வந்தது. நேராகப் பந்தயம் நடத்துகிறவர்களின் மேசைக்குப் போய், "சார், தூரம் கம்மியா கீது. சரியா அளக்கல நீங்க" என்று சண்டை பிடித்தேன்.

"போன வருஷம் ஓடின அதே ரோடுதாம்மா" என்று மேசையில் இருந்தவர் சிரித்தார்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பேயறைந்த மாதிரி பைக்கையே பார்த்தார். திரும்பும் வழியில் உத்திரமேரூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தோம். ஆறு கிலோமீட்டர் கடந்த பிறகுதான் மீட்டர் ஐந்து காட்டியது.

"அடப்பாவி! வேற வண்டியோட மீட்டர் பல்சக்கரத்த மாட்டிக்கீறான் அந்த மெக்கானிக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப இத்தினி நாளும் நான் பன்னெண்டா ஓடிக்கினு இருந்தேன்?"

ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நடுரோட்டிலேயே அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினேன்.

அன்று மாலையே மீட்டரைச் சரிசெய்து, சிவப்புத் துணியை அவிழ்த்து, வேப்பமரத்துக்கு முன்னாலேயே நிற்கும் ஒரு பனைமரத்தில் கட்டிவிட்டார். மறுநாள் காலை ஓடினேன். பனைமரம் வந்தது.

"ஏய், அஞ்சு ஆயிடுச்சி, திரும்பு!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

கால் கேட்கவில்லை. பாதைக்குப் பக்கத்து ரோட்டில் கம்பெனி வேன் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். போய்யா என்று கையைக் காட்டிவிட்டு, வேப்பமரத்தைத் தொட்டுத் திரும்பினேன்.