மூன்றாம் வலயத்தின் மாட்டுப்பாதை

முசலிப் பக்கத்தில் யுத்த காலத்தில் வெட்டி வெளியாக்கப்பட்ட ஒரு காட்டைத் திரும்ப வளரவிடும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் மன்னார்த் தீவில், கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவள். அந்தப் பக்கத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

கன்று நடுவதில்லை என்பது முடிவு. மண்ணில் கிடப்பதும் காற்றும் பறவையும் கொண்டுவருவதும் தானாக முளைக்கட்டும். எங்கே எது முளைக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்காக நிலத்தை மூன்று வலயங்களாகப் பிரித்தோம். மிஞ்சிய காட்டை ஒட்டிய ஓரம் முதலாவது, நடுவிலிருந்த வெட்டவெளி இரண்டாவது, குளத்துப் பக்கம் மூன்றாவது. எல்லைகளில் பெயின்ற் அடித்த தடிகளை நட்டோம். என்னோடு வேலை செய்தவள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. காலையில் ஸ்கூட்டியை வேலியடியில் விட்டால் பின்னேரம்வரை வாய்திறக்க வேலையில்லை. ஒருநாள் பாலை மரக் கன்றொன்றோடு கதைத்துப் பார்த்தேன். என் குரல் எனக்கே ஒருமாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

மூன்றாம் வலயத்தில் தடிகள் அடிக்கடி விழுந்து கிடந்தன. காத்திருந்து பார்த்தேன். தொப்பி போட்ட வயதான முஸ்லிம் ஒருவர் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு குளத்துக்கு வந்தார்.

"நானா, இதுக்குள்ள மாடு விடக்கூடாது. முளைக்கிறதை எல்லாம் மிதிச்சுப்போடும்," என்று அண்ணன் முறைவைத்துச் சொன்னேன்.

"தண்ணிக்கு வேற வழி இல்லையே தங்கச்சி. சுத்திப் போனா கண்டுக்குட்டி களைச்சுப் போகும்."

யுத்தத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தவர் அவர். மனைவி அங்கேயே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். பிள்ளைகள் வர விரும்பவில்லை.

தடிகளைப் பிடுங்கி, குளம்வரை ஒரு பாதை விட்டு மறுபடி நட்டேன். மேலதிகாரி தொலைபேசியில் கத்தினார். "பாதையையும் தனி வலயமா எடுத்துப் பாப்பம் சேர்," என்றேன். அரைமனதோடு ஒத்துக்கொண்டார்.

அதன்பிறகு மத்தியானங்களில் நானா மர நிழலில் நிற்பார். "இண்டைக்கு என்ன முளைச்சிருக்கு?" என்று, நோயாளியைச் சுகம் விசாரிப்பதுபோலக் கேட்பார். வீரை என்பேன், பாலை என்பேன். தலையாட்டிவிட்டு மாடுகளின் பின்னால் போவார். பல நாட்களில் நான் கதைத்த கதை அவ்வளவுதான்.

ஒருநாள் மாடுகள் இல்லாமல் வந்தார்.

"வித்துட்டேன் தங்கச்சி. மகன் புத்தளத்துக்கு வரச்சொல்லி ஒரே கரைச்சல். கண்ணும் இப்ப மங்கலாத்தான் தெரியுது."

"போயிட்டு வாங்கோ நானா," என்றேன். அவருடைய நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாரியில் அந்தப் பாதையில் பழைய சாணம் கிடந்த இடமெல்லாம் உடை என்ற முள்மரத்தின் கன்றுகள் முளைத்தன. மாடுகள் தின்ற காய்களின் விதைகள். மற்ற வலயங்கள் எதிலும் இவ்வளவு நெருக்கமாக முளைத்திருக்கவில்லை. மேலதிகாரி சந்தோசப்பட்டுப் படம் கேட்டார். அனுப்பிவிட்டு நானாவின் நம்பருக்கு எடுத்தேன். மகன்தான் கதைத்தார்.

"வாப்பா தூங்குறார். ஏதும் அவசரமா?"

"இல்லை. மாட்டுப்பாதையில உடை முளைச்சிருக்கெண்டு சொல்லுங்கோ."

"என்னது முளைச்சிருக்கு?"

திரும்பச் சொன்னேன். "சரி, சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

சில நாட்கள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வலயங்களைச் சுற்றினேன். அழைப்பு வரவில்லை. மாடு நடக்காத பாதையில் புல்லும் ஏறத் தொடங்கியிருந்தது. உடைக் கன்றுகளைப் பார்க்க அதை விலக்கி விலக்கி நடக்க வேண்டியிருந்தது.