போட்டோவுக்குப் பிடித்த பென்சில்

பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியை நான். முத்தியால்பேட்டையில் தொடங்கிக் குருசுக்குப்பம் வரை ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை எழுதுவதுபோல் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினால்தான் நான் வேலை பார்த்ததாகக் கணக்கு.

குருசுக்குப்பத்து ரோஷிணிக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். பேச்சு வராது, விரல்கள் எப்போதும் இறுகியிருக்கும். அவற்றைப் பிரித்துப் பென்சிலைச் செருகி, "என்னப் பாரு, சிரி" என்பேன். போட்டோ விழுந்ததும் அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுத்துவிடுவேன். இப்படியே மூன்று வருடம்.

போன மாதம் ஒருநாள், மீன் விற்றுவிட்டு வந்த அவள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்தது வீண் போவல. இங்க பாருங்க."

தன் போனை மகளுக்கு முன்னால் நீட்டினாள். ரோஷிணி பாயைத் துழாவித் தானாகவே பென்சிலை எடுத்தாள். நடுங்கும் கையை நோட்டின் மேல் வைத்தாள். போனைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா போனை இறக்கியதும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். நோட்டில் ஒரு கோடுகூட இல்லை.

"எப்படிப் புரிஞ்சி வச்சிருக்கா பாத்தீங்களா" என்றாள் அம்மா.

என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த விரல்களால் பென்சிலைப் பிடிக்கப் பிள்ளை எத்தனை நாள் பாடுபட்டிருக்கும். அவளால் கற்றுக்கொள்ள முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றைய போட்டோவை நான் அதுவரை எடுத்து ஏற்றியிருக்கவில்லை. நான் என் போனை எடுத்தேன். ரோஷிணி உடனே பென்சிலைத் தேடினாள்.