கடைசி இரண்டு ஒயின் பாட்டில்கள்

என் கணவருக்குச் சிவகாசியில் அச்சகம். மெஷின் வாங்க வெளிநாடு போய் வந்த காலத்தில் அவருக்கு ஒயின் மேல் ஒரு கிறுக்கு ஒட்டிக்கொண்டது. குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். வருடம் முழுக்கத் தொடமாட்டார். பட்டாசு லேபிள் சீசன் முடிந்து கம்பெனியைச் சாத்தியிருக்கும் தீபாவளி மதியம் மட்டும், ஏசி அறையில் பல வருடமாகப் படுக்க வைத்திருந்த ஷாம்பெயின் ஒன்றையும் வெள்ளை ஒயின் ஒன்றையும் திறப்பார். ஷாம்பெயினுக்குச் சாத்தூர் காரச்சேவு, வெள்ளைக்கு நாட்டுக்கோழி வறுவல்.

"பழசாக ஆக நுரை அடங்கும், நெறம் கறுக்கும். கெட்டுப்போனதும் பாக்க அப்படித்தான் இருக்கும். நாக்குதான் சொல்லணும்" என்பார். என் நாக்குக்கு அது ஒருநாளும் பிடிபடவில்லை. அவர் நன்றாயிருக்கிறது என்றால் எனக்கும் நன்றாயிருக்கும்.

மதுரை டாக்டர் அவருக்கு மறதி நோய் என்று சொன்னபோது இரண்டே பாட்டில்கள் மிச்சமிருந்தன. போன தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த மகள் பிடிவாதம் பிடித்தாள்.

"பழைய ருசி நாக்குல பட்டா அப்பாவுக்கு ஏதாச்சும் ஞாபகம் வரும்மா. டாக்டர்ட்டயும் கேட்டுட்டேன். ரெண்டு வாய் குடுக்கலாம்னாரு."

எதையும் நம்புவதை விட்டிருந்த நானும் அன்று நம்பினேன்.

ஷாம்பெயின் தக்கை சத்தமே இல்லாமல் கழன்று வந்தது. ஒன்றிரண்டு குமிழிகள் சோம்பலாக மேலே ஏறின. ஒரு வாய் குடித்துவிட்டு அவர் காரச்சேவைக் கொறிக்கத் தொடங்கிவிட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு வெள்ளை ஒயினை ஊற்றினேன். கடலை எண்ணெய் நிறத்தில் இருந்தது. அவர் கிளாஸை மெல்லச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். பழைய ஆளே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போயிருச்சு. கொட்டிருங்க" என்றார்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியுதும்மா!" மகளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அவர் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார். அதையும் சுழற்றினார். முகர்ந்தார். வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"இதுவும் போயிருச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மகளை அவர் அப்போதுதான் கவனித்தார். விருந்தாளியிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்: "நீங்க யாரு வீட்டுப் புள்ள? சாப்பிட்டீகளா?"

மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவர் தூங்கிய பிறகு, கிளாஸில் மிச்சமிருந்த வெள்ளை ஒயினைக் குடித்துப் பார்த்தேன். வறுத்த முந்திரி வாசம் போல ஏதோ இருந்தது. அடியில் ஒரு கசப்பும் இருந்தது. அது முதிர்ந்ததா, கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு இனி வீட்டில் ஆளில்லை. முழுவதையும் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.