எர்னெஸ்டினா மறைத்த ஆறு வருடங்கள்

அடுப்படியில் காப்பிக்கொட்டை அரைக்கும் சத்தம் சட்டென்று நின்றது. வாசற்கதவு திறந்தது. மேட்டா அண்ணியின் குரல் கேட்டது.

"வாங்க போதகரய்யா. பூட்ஸைக் கழட்ட வேணாம், வீடே சேறாத்தான் கிடக்கு."

உள்ளறையில் அம்மாவின் மரப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்த அல்வினா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் மஞ்சளேறிய ஒரு ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. எர்னெஸ்டினா, பிறந்தது 1847 நவம்பர் மூன்று என்று அதில் எழுதியிருந்தது. அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவந்தது 1853.

மூன்று வாரத்துக்கு முன்பு, படுக்கையில் கிடந்த அம்மா அவள் காதருகே சொன்னாள். "உங்க பாட்டி, மகனைவிட மூத்தவளை வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டேன்னு நின்னா. அதான் ஆறு வருஷத்தைக் கடல்ல போட்டுட்டேன். அந்தச் சீட்டை எரிச்சிரு. உங்கப்பனுக்குத் தெரியவே கூடாது."

எங்கே எரிப்பது? வீட்டுக்கு ஒரே அடுப்பு. அதன் பக்கத்தில் அப்பா இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அம்மா முன்னறையில், குளிரில், வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். நாளைக் காலை கோயில் மணி அடிக்கும், இறந்தவள் வயதில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு அடி. விஸ்கான்சினில் அவர்கள் ஊரில் அந்தச் சமயம் பால் கறப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். பிறகு போதகர் இறந்தவளின் வாழ்க்கையைப் படிப்பார். வயதை வருடம், மாதம், நாள் என்று சொல்லி முடிப்பார். அதை எழுதிக்கொண்டு போகத்தான் அவர் வந்திருந்தார்.

அல்வினா சீட்டை மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அப்பா காட்லீப் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயதிலும் ஒன்றையும் மறக்கவில்லை. எர்னெஸ்டினா ஜெர்மனியின் பொமரேனியாவில் ஒரு பண்ணையாரின் நிலத்தில் கூலிக்காரன் மகளாகப் பிறந்தவள். பண்ணையார் வீட்டில் பாத்திரம் கழுவியவள். பதினெட்டு நாள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தவள். 1876-இல் கல்யாணம். எட்டுப் பிள்ளைகள்; மூன்று மண்ணுக்குள்.

"பேரப்பிள்ளைங்க?" என்று போதகர் ஹார்ட்விக் கேட்டார்.

"பதினாலு," என்றாள் மேட்டா. "பதினாலுக்கும் கறுப்புக் காலுறை பின்னிக் குடுத்தாங்க அத்தை. போட்டா மூணு நாளைக்கு அரிக்கும். போடலன்னா மூணு நாளைக்குத் திட்டுவாங்க. புகைபோட்ட வாத்துக்கறியை மட்டும் யாருக்கும் குடுக்காம பூட்டி வெப்பாங்க!"

"உனக்குக் குடுத்தா தீர்ந்துடும்னு தெரியும்," என்றார் அப்பா. போதகர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் பேனாவை மையில் தோய்த்தார். "வயசு?"

"எழுபத்தாறு வருஷம், நாலு மாசம், ஆறு நாள்," என்றார் அப்பா. ராத்திரி முழுக்க விரல்விட்டுக் கணக்குப் போட்டிருந்தார். "என்னைவிட ஒரு வயசு சின்னவ."

"ஞானஸ்நானச் சீட்டு இருக்கா? பழைய பதிவுல சீட்டு தொலைஞ்சுபோச்சுன்னு குறிச்சிருக்கு."

"இல்லீங்க, கிடைக்கல," என்றாள் அல்வினா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஏண்டி, இப்பத்தானே பெட்டிக்குள்ளருந்து ஏதோ எடுத்தே? கதவு வழியா பார்த்தேனே!" மேட்டா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது, நாக்கிலும் ஒன்றும் தங்காது.

போதகர் பேனாவைக் கீழே வைத்தார். "அல்வினா, நான் கோயில்ல நின்னு படிக்கிறது உண்மையா இருக்கணும்மா."

அல்வினாவின் கண் அப்பாவை விட்டு நகரவில்லை. ஐம்பத்துமூன்று வருடம் கூட வாழ்ந்தவள் பொய்யோடு வாழ்ந்தாள் என்று, அவள் பிணம் வீட்டில் இருக்கும்போதே இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்வது?

"குடு புள்ள," என்றார் அப்பா.

கொடுத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர் அதை வெகுநேரம் படித்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எண்பத்திரண்டா?" மேசையை ஓங்கித் தட்டினார். காப்பிக் கோப்பைகள் குதித்தன. "என்னையா? என்னையா ஏமாத்தினா?"

அவர் விரல்கள் மறுபடி எதையோ எண்ணத் தொடங்கின. பாதியில் நின்றன.

"அல்வினா, நீ எந்த வருஷம்?"

"தொண்ணூத்திரண்டுப்பா. மே மாசம்."

"நீ பிறந்து ஆறு வாரம். மாட்டுக்குப் புல்லறுப்புச் சமயம். எந்திரிக்க முடியல, இடுப்பு போச்சுங்கறா. முப்பத்தெட்டு வயசுப் பொம்பளைக்கு என்னடி நோவுன்னு கேட்டேன். என் அம்மாவும் பக்கத்துல நின்னு சிரிச்சா." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒண்ணும் பேசல. எந்திரிச்சு வந்துட்டா. பதினோரு நாள், என்கூட நின்னு அறுத்தா. உன்னைப் புல்லுப்போர் நிழல்ல போட்டுட்டு."

"அப்பா..."

"நாப்பத்திநாலு. நாப்பத்திநாலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே! படுடீன்னு விட்டிருப்பேனே!"

மேட்டா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். அல்வினா அப்பாவின் தோளைப் பிடித்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தவள் அவள். காரணம் இன்றுதான் தெரிந்தது.

போதகர் மெதுவாகச் சொன்னார். "பெரியவரே, எண்பத்திரண்டுன்னா ஊர்ல கேள்வி வரும். பழைய பதிவுல இருக்கிற எழுபத்தாறையே மணி அடிக்கச் சொல்றதுன்னா, எனக்கு மனசு ஒப்பல..."

"எண்பத்திரண்டு அடிக்கணும்." அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு குறைஞ்சாலும் நானே ஏறி வந்து மணிக்கயித்தைப் பிடிப்பேன். அந்த ஆறு வருஷமும் அவ உழைச்சது."

"ஏன் மாறுச்சுன்னு கேட்டா?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நீங்க வயசை மட்டும் படிங்க."

போதகர் முன்பு எழுதியதைக் கோடிட்டு அடித்தார். எண்பத்திரண்டு வருடம், நான்கு மாதம், ஆறு நாள் என்று திருத்தி, மை காய ஊதினார். காகிதத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். முன்னறைக்குள் ஒரு நிமிடம் போய்த் தலைகுனிந்து நின்றார்.

"காலையில எட்டு மணிக்கு," என்றார் வாசலில்.

"சரிங்கய்யா. படியில பனி உறைஞ்சிருக்கு, பார்த்து," என்றாள் அல்வினா. அவர் வண்டியில் ஏறும்வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.